சங்கிலி எடுத்த ஃபிரெஞ்சு லீவு

ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் சங்கிலி, ஒச்சு, விருமன் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது.

சங்கிலியின் பெண்டாட்டி பேச்சிக்கு அடிவாரத்து ஊரில் தலைப்பிரசவம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கணும் என்று அவன் தவியாய்த் தவித்தான். துரையோ கேட்கும்போதெல்லாம் லீவு கிடையாது என்று விரட்டினார். மனசு கேட்காத கிளார்க் ஞானப்பிரகாசம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ்காரனே இதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கான்யா. ஃபிரெஞ்சு லீவு. யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம கொள்ளாம ஓடிப்போயிடறது. நீயும் எடுத்துக்க."

சங்கிலி தனியாகப் போனால் வழி தவறிவிடுவான் என்று மற்ற இரண்டு பேரும் துணைக்குக் கிளம்பினார்கள். ஆனால் 'போயிட்டு வரேன்' சொல்லாமல் நம்ம பக்கத்தில் யாராவது படி இறங்குவார்களா? உட்கார்ந்து பேசினார்கள்.

"சொல்லிக்காமப் போனா பொறக்கிற பிள்ளைக்கு ஆகாதுடா" என்றான் சங்கிலி.

"சொன்னா லீவு செல்லாதேண்ணே" என்றான் ஒச்சு.

விருமன் வெகுநேரம் யோசித்தான். "எல்லார் வீட்டு வாசலுக்கும் போவோம். கும்பிடுவோம். வாயை மட்டும் தொறக்கக் கூடாது."

இப்படிப்பட்ட புத்தி யாருக்கு வரும், சொல்லுங்கள்! மறுநாள் காலையில் தலையில் மூட்டையும் இடுப்பில் காட்டு அரிவாளுமாக வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுக் கண் கலங்கினார்கள். என்னப்பா, ஏதுப்பா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று பாதி எஸ்டேட் அவர்கள் பின்னாலேயே வந்தது. கிளார்க் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

துரை பங்களா வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மூன்று அரிவாள், பின்னால் நூறு பேர், ஒருத்தர் வாயிலும் பேச்சில்லை. என்ன வேண்டும் என்று துரை கேட்டார். சங்கிலி கும்பிட்டான். சத்தம் போட்டுக் கேட்டார். இன்னும் நன்றாகக் குனிந்து கும்பிட்டான். துரைக்கு முகம் வெளிறிவிட்டது. கோப்பையை வைத்தார், பின்கட்டு வழியாக இறங்கினார், ஜீப்பில் ஏறினார். தொப்பியைக்கூட எடுக்காமல் மலையிறங்கிப் போயே போய்விட்டார், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே ஊருக்குப் போயிருப்பார்கள். சங்கிலி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அழுதான்.

"துரைகிட்டச் சொல்லாமப் போகணும்னா துரை இருக்கணுமேடா. இப்ப நான் யாருகிட்டச் சொல்லாமப் போவேன்?"

மற்ற இரண்டு பேருக்கும் அது நியாயமாகவே பட்டது. துரை திரும்பி வரட்டும் என்று மூன்று பேரும் பங்களாப் படியில் உட்கார்ந்தார்கள். அவர் வரவே இல்லை.

பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பேச்சி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தானே மலையேறி வந்தாள். பிள்ளையைப் புருஷன் மடியில் கிடத்தினாள்.

"பொறந்து மூணு மாசமாச்சு. எட்டிப் பாக்கக்கூட வரலையே, அப்படி இங்க என்னய்யா செய்யிற?"

சங்கிலி பிள்ளையை அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். வாயை மட்டும் திறக்கவில்லை.

"பாத்தியாடா" என்றான் விருமன் பெருமையாக, "பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலை!"