தந்தமும் கடைவாய்ப் பல்லும்

நெல்லிமடுக் காட்டில் மலையாண்டி என்ற கொம்பன் யானைக்கு அறுபது வயது ஆனது. அன்றோடு அதன் வேலையும் முடிந்தது!

என்ன வேலை என்கிறீர்களா? வழி திறக்கிற வேலை. காற்றடித்து மரம் விழுந்து பாதை அடைபட்டால், "எங்கே மலையாண்டி? கூப்பிடு மலையாண்டியை!" என்று காடே கத்தும். மான் போகிற பாதையோ, முயல் போகிற சந்தோ, மலையாண்டி பாகுபாடு பார்க்காது. வந்து நின்று ஒரே தள்ளு! மரம் ஓரமாய்ப் போய்விடும். அப்படி உழைக்கிற யானைக்குக் காலில் முள் தைத்தாலும் சரி, வயிறு ஊதிக்கொண்டாலும் சரி, காடே சேர்ந்து வைத்தியம் பார்க்கும். அது அந்தக் காட்டு வழக்கம்.

அறுபது முடிந்துவிட்டால் சங்கதி வேறு. அதன் பிறகு அவரவர் வைத்தியத்துக்கு அவரவர்தான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்தியம் பார்க்கிற கூட்டங்களில் ஏதாவது ஒன்றிடம் காப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பு என்றால், அந்தக் கூட்டத்துக்கு நாம் உழைக்க வேண்டும், நோய் வந்தால் கூட்டம் நம்மைப் பார்த்துக்கொள்ளும். அதையும் அந்த வருஷத்து முதல் மழை மடுக்கரையில் இருக்கிற வழுக்குப்பாறையை நனைப்பதற்குள் செய்துவிட வேண்டும். பாறை நனைந்த பிறகு போய் நின்றால், அடுத்த மழைவரை வெளியேதான் நிற்க வேண்டும். அப்புறம் சேர்த்துக்கொண்டாலும், மற்றவர்கள் ஒரு பங்கு உழைத்தால் நீ இரண்டு பங்கு உழை என்பார்கள். சாகிற வரைக்கும்!

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மலையாண்டியோ காதை ஆட்டிக்கொண்டு சும்மா நின்றது.

"என்னய்யா, கல்லு மாதிரி நிக்கிறே? காப்பு எடுக்கப் போகலியா?" என்றது வெள்ளையம்மா.

வெள்ளையம்மா ஒரு கொக்கு. பல வருஷமாக மலையாண்டியின் முதுகில்தான் குடியிருப்பு. உண்ணி பொறுக்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் யானையை வம்புக்கு இழுப்பதுதான் அதற்குப் பொழுதுபோக்கு.

"எனக்கு எதுக்குப் புள்ளே காப்பு? இத்தனை வருஷத்துல ஒரு தும்மல் போட்டிருப்பேனா?"

"போடாத வரைக்கும் சரி. நாளைக்குப் படுத்துட்டா உன்னை யாரு தூக்குவா? நானா?"

இந்தப் பேச்சு நடக்கும்போதே புதரை விலக்கிக்கொண்டு ஒரு வால் வந்தது. பின்னாலேயே நரி வந்தது. அதன் பெயர் சிங்காரம். அப்படி ஒரு வால் அந்தக் காட்டில் யாருக்கும் கிடையாது. தினமும் ஓடைத் தண்ணீரில் அதைப் பார்த்துப் பார்த்து நீவிவிட்டுக்கொள்ளும்.

"வணக்கம் பெரியவரே! அடடா, இந்தத் தந்தத்தைப் பார்த்துட்டே இருக்கலாம் போலிருக்கே!" என்றது சிங்காரம். "உங்களுக்காகவே ஒரு காப்பு வச்சிருக்கேன். பேரே தந்தக் காப்பு! தந்தத்துல கீறல் விழுந்தா பிசின் வச்சு அடைப்போம். வாராவாரம் குரங்குங்க வந்து எண்ணெய் போட்டுத் தேய்ச்சுவிடும். தும்பிக்கை, காது, கால் நகம் எல்லாத்துக்கும் வைத்தியம் உண்டு. சேர்ற அன்னிக்கே என் தோப்புப் பலாப்பழம் ஒண்ணு கையில!"

"பதிலுக்கு நான் என்ன செய்யணும்?"

"முதல் வருஷம் ஒண்ணுமே செய்ய வேண்டாம்!"

"அப்புறம்?"

"அப்புறத்தை அப்புறம் பேசிக்கலாம் பெரியவரே. நமக்குள்ள என்ன!"

அந்த நேரம் பார்த்து வீரபாகு அந்தப் பக்கமாக வந்தது. அதுவும் கொம்பன்தான். மலையாண்டிக்குப் பால்ய சிநேகம், ஒத்த வயது. கழுத்தில் கொன்றைப்பூ மாலை, தந்தம் இரண்டும் வெயிலில் பளபளவென்று மின்னின.

"டேய் மலையாண்டி! நான் நேத்தே சேர்ந்துட்டேன்டா! என் தந்தத்துல உன் மூஞ்சி தெரியுதா பாரு!"

மலையாண்டி குனிந்து பார்த்தது. தெரிந்தது! அதற்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இத்தனை மரத்தைத் தள்ளித் தள்ளித் தன் தந்தம் மண்ணும் கீறலுமாகக் கிடக்கிறதே என்று முதல் முறையாக வெட்கப்பட்டது.

"சேர்ந்துடறேன் சிங்காரம்!" என்று அது வாயெடுப்பதற்குள் வெள்ளையம்மா தலையில் ஒரு கொத்து கொத்தியது.

"அவசரத்தைப் பாரு! ஒரு காயை வாங்கினாலே நாலு காயை அமுக்கிப் பார்ப்போம். மடுவுல காப்பு தர்ற நீர்நாய் கயலம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு. நரி எங்கேயும் ஓடிடாது."

"ஓட மாட்டேன், ஓட மாட்டேன்! பலாப்பழத்தோட இதே மரத்தடியில காத்திருக்கேன்!" என்று சிங்காரம் வாலை ஆட்டியது.

மடுவில் நீர்நாய்கள் எல்லாம் வேலையாக இருந்தன. சில கோரைக்கிழங்கு தோண்டின. சில அல்லித்தண்டைக் கல்லில் வைத்து நசுக்கின. கூட்டத்துக்குத் தலைவி கயலம்மா. அதற்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது.

"வாங்க. மாசாமாசம் இந்த மடுவுல வந்து அடைக்கிற கட்டையை எல்லாம் நீங்க இழுத்துப் போடணும். உடம்பு நல்லா இருந்தாலும் போடணும், சலிப்பா இருந்தாலும் போடணும். உங்களுக்கு முடியாமப் போனா நாங்க பார்த்துக்குவோம். நீங்க எங்கே விழுந்து கிடந்தாலும் அங்கேயே வந்து பார்ப்போம்."

"தந்தத்துக்கு என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம்."

"என்னது!"

"உடைஞ்சா உடைஞ்சதுதான். சரி, வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"சேர வர்றவங்க எல்லாரும் முதல்ல வாயைத் திறந்து காட்டணும். இங்கே அதுதான் முறை."

மலையாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொம்பன் யானையைப் பார்ப்பவர்கள் தந்தத்தைப் பார்ப்பார்கள். ஐயோ என்று ஒதுங்குவார்கள். வாயைத் திற என்று யாரும் சொன்னதில்லை!

"நான் என்ன சந்தையில விலைக்கு நிக்கிற மாடா? என் பல்லை எண்ணணுமோ உனக்கு? நீயும் ஆச்சு, உன் காப்பும் ஆச்சு!" என்று பிளிறிவிட்டுத் திரும்பி நடந்தது.

கயலம்மா விட்ட இடத்திலிருந்து கிழங்கு தோண்டத் தொடங்கியது.

வழியெல்லாம் மலையாண்டி பொருமிக்கொண்டே வந்தது. கோபம் வந்தால் அதற்குப் பசியும் வரும். மூங்கில் புதரில் ஒரு கொத்தை வளைத்து ஒடித்து வாயில் திணித்தது. மென்றது, மென்றது, மென்றுகொண்டே இருந்தது. கடைசியில் சக்கை உருண்டையாக வாயோரத்திலிருந்து பொத்தென்று கீழே விழுந்தது.

வெள்ளையம்மா கீழே குதித்து அந்த உருண்டையைக் கிளறியது.

"என்னய்யா இது? மூங்கில் அப்படியே முழுசா கிடக்கு!"

"முத்தின மூங்கில் புள்ளே. மெல்ல முடியல."

"போன வாரம் பச்சைப் புல்லைத் தின்னே. அதையும் இப்படித்தான் உருட்டித் துப்பினே. புல்லும் முத்திப்போச்சா?"

மலையாண்டி எடுத்த கால் எடுத்தபடியே நின்றுவிட்டது.

அதற்குத் தன் அப்பன் நினைவுக்கு வந்தது. அப்பனின் தந்தம் தரையைத் தொடும். அந்தத் தந்தத்தைப் பார்க்க மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் மிருகங்கள் வரும். கடைசிக் காலத்தில் அப்பன் நாளுக்கு நாள் இளைத்தது. துளிர்விட்ட மூங்கில் காட்டுக்கு நடுவிலேயே ஒரு நாள் விழுந்து செத்தது. "பாவம், மனசு விட்டுடுச்சு" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அப்பன் நின்ற இடத்தைச் சுற்றி இதே மாதிரி சக்கை உருண்டைகள் கிடந்தன. குட்டியாக இருந்த மலையாண்டி அவற்றைக் காலால் உதைத்து உதைத்து விளையாடியிருக்கிறது!

"ஐயோ, அப்பா!" என்றது மலையாண்டி. "நீ மனசு விடல. உன்னால மெல்ல முடியல. எல்லாரும் உன் தந்தத்தைப் பார்த்தோம். ஒருத்தராவது உன் வாயைத் திறந்து பார்த்தோமா!"

அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெள்ளையம்மா அப்போது மட்டும் கேலி செய்யவில்லை.

தூரத்தில் இடி இடித்தது. மலையாண்டி தும்பிக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அதன் நடையே மாறிவிட்டது. நேராக நரி நின்ற மரத்தடிக்குப் போனது.

"வாங்க பெரியவரே! பலாப்பழம் தயார்!"

"பழம் இருக்கட்டும். சிங்காரம், என் கடைவாய்ப் பல்லு தேய்ஞ்சுபோனா உன் காப்புல என்ன செய்வே?"

நரி சிரித்தது. "கடைவாய்ப் பல்லா? அதை யாரு பார்க்கப் போறா?"

"பார்க்கறதுக்கு இல்லப்பா. மெல்லறதுக்கு!"

"பல்லு தேயறது வயசுக் கோளாறு பெரியவரே. அது எந்தக் காப்புலயும் வராது. தந்தத்தைப் பாருங்க, தந்தம்! உங்க கௌரவமே அதுலதானே இருக்கு!"

மலையாண்டி பக்கத்து ஓடையில் தும்பிக்கையை விட்டு ஒரு கொழுத்த நண்டைப் பிடித்தது. நரியின் முன்னால் போட்டது. சிங்காரத்துக்கு நண்டு என்றால் உயிர். நாக்கில் எச்சில் ஊறியது.

"இந்தக் காட்டுலயே அழகான வால் உன் வால்தான். ஒத்துக்கறேன். உன் கௌரவமும் அதுலதான் இருக்கு. இப்போ அந்த வாலாலேயே இந்த நண்டைத் தின்னு காட்டு. தின்னுட்டா இந்த நிமிஷமே உன் காப்புல சேர்ந்துடறேன்!"

மரத்தின் மேல் இருந்த குரங்குகள் கொல்லென்று சிரித்தன. நரி நண்டைப் பார்த்தது, வாலைப் பார்த்தது. நண்டு அதற்குள் அந்த வாலையே ஒரு கவ்வு கவ்விவிட்டது!

"ஐயையோ! என் வால்! என் வால்!" என்று அலறிக்கொண்டு சிங்காரம் ஓடியது.

"ஓடுய்யா, நாமளும் ஓடணும்! நெத்தியில ஒரு தூத்தல் விழுந்துருச்சு!" என்று கத்தியது வெள்ளையம்மா.

மலையாண்டி ஓடியது. எதிரே ஒரு மரம் விழுந்து கிடந்தது. வழி திறக்கிற யானைக்கு அது ஒரு தடையா? ஒரே தள்ளு! மடுக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் கயலம்மா முன்னால் மண்டியிட்டு, யாரும் சொல்லாமலே வாயை ஆவென்று திறந்தது.

கயலம்மா தலையை உள்ளே விட்டுப் பார்த்தது.

"இது உங்க கடைசிப் பல்லு. இதுக்கு மேல யானைக்குப் பல்லு முளைக்காது. இதுவும் பாதி தேய்ஞ்சிருக்கு."

"தேய்ஞ்சுபோச்சுன்னு சேர்த்துக்க மாட்டீங்களா?" என்று கேட்டது மலையாண்டி.

"பாறை நனையறதுக்குள்ள வந்தா எந்த உடம்போட வந்தாலும் சேர்த்துக்குவோம். அதுக்குத்தானே அந்தக் கெடு வச்சிருக்கோம்? வாயைப் பார்க்கறது உங்களுக்கு எதை நசுக்கித் தரணும்னு தெரிஞ்சுக்கத்தான். எழுந்திருங்க. முதல்ல அந்தக் கட்டையை இழுத்துப் போடுங்க!"

மலையாண்டி கட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது. அடுத்த நொடி மழை கொட்டியது. வழுக்குப்பாறை முழுசாக நனைந்தது.

அடுத்த கோடையில் மலையாண்டியின் பல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் உடம்பு குண்டாகவே இருந்தது. நீர்நாய்கள் தினமும் கிழங்கையும் அல்லித்தண்டையும் கூழாக நசுக்கிப் பாறைக் குழியில் நிரப்பி வைத்தன. மலையாண்டி அதை அள்ளி அள்ளித் தின்றது. மாசாமாசம் முகம் சுளிக்காமல் கட்டை இழுத்தது.

ஒரு நாள் வீரபாகு தள்ளாடிக்கொண்டு வந்தது. தந்தம் மட்டும் பளபளத்தது. பின்னாலேயே இரண்டு குரங்குகள் எண்ணெய்க் குடுவையோடு வந்தன.

"மலையாண்டி, இன்னும் உன் மூஞ்சி தெரியுதாடா?" என்றது மெல்லிய குரலில்.

"தெரியுதுடா. உன் விலா எலும்பும் தெரியுது."

வீரபாகு அழுதுவிட்டது. "நானும் முதல்ல இங்கேதான்டா வந்தேன். வாயைத் திறன்னாங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

மலையாண்டி கூழ்க் குழியிலிருந்து விலகி நின்று நண்பனுக்கு இடம் விட்டது. பிறகு கயலம்மாவைப் பார்த்தது.

"இவனைச் சேர்க்க அடுத்த மழை வரணும்னு எனக்குத் தெரியும். அதுவரைக்கும் இவன் என் பங்குல தின்னட்டும். நீங்க கூழைக் கொஞ்சம் கூடுதலா நசுக்குங்க, நான் கட்டையைக் கூடுதலா இழுக்கறேன்."

"அது உங்க இஷ்டம்," என்ற கயலம்மா ஒரு கை கூழை அள்ளிக்கொண்டு வீரபாகுவிடம் வந்தது. "இப்பவாவது வாயைத் திறங்க!"

வீரபாகு வாயைத் திறந்தது. குரங்குகளைப் பார்த்து வெள்ளையம்மா சொன்னது: "அந்த எண்ணெயைக் கீழே வச்சுட்டு நீங்களும் கிழங்கு நசுக்க வாங்கடா!"

ஊர் மெச்சுகிற அழகுக்கு யார் என்ன தருகிறார்கள் என்று பார்த்து மயங்காமல், நாளை தன் உடம்பில் எது முதலில் தேயும் என்று யோசித்து, கெடு முடிவதற்குள் அதற்கேற்ற காப்பைத் தேர்ந்தெடுப்பவரே முதுமையில் நிம்மதியாக உண்பார்.