பன்னிரண்டாவது இடம்

இந்தக் கதையைக் கேட்பவர் பாத்திரங்களை எண்ணிக்கொண்டே வரவேண்டும்.

தூத்துக்குடியில் பரமானந்தம், உலகம்மாள் என்று ஒரு தம்பதி. அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி ஏற முடியாமல் போனபின் பெரிய வீட்டை விற்றுவிட்டு, இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றுக்குப் போக முடிவு செய்தார்கள். அதன் சமையலறையில் ஒரே ஓர் அலமாரி. நெருக்கி வைத்தால் பன்னிரண்டு பாத்திரம் கொள்ளும்.

"பன்னிரண்டுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது. மிச்சத்தைக் கொடுத்துடணும். கொடுத்ததைத் திரும்பக் கேக்கக் கூடாது" என்றார் பரமானந்தம்.

"நீங்க சேத்து வச்சிருக்கிற ஆணி டப்பாவுக்கும் அதே சட்டம்தானே?"

அவர் சிரித்துத் தலையாட்டினார். இருவரும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள். பெரும்பாலானவற்றில் அவள் பெயர். ஒரு சின்னத் தூக்கில் மட்டும் 'ப. இளம்பரிதி' என்று இருந்தது. மகன் பள்ளிக்குச் சோறு கொண்டுபோன தூக்கு. அவன் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். முப்பத்தொரு வருடமாக அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எதிர்வீட்டு ரோஸ்லினுக்கு அண்டா, குடம், தாம்பாளம், இட்லிப்பானை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயின. கடைசியாகத் தூக்கு. உலகம்மாள் அதில் சீனி நிரப்பி, மூடி, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பரமானந்தம் வாசலில் நின்று பார்த்தார்.

புதுவீட்டு அலமாரியில் அவள் பதினொரு பாத்திரங்களை அடுக்கினாள். மூலையில் ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

நான்காம் நாள், நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் ரோஸ்லின் வீட்டுக்குப் போனார். அண்டாவில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. இட்லிப்பானை அடுப்பில் இருந்தது. தூக்கு கழுவித் துடைத்து ஜன்னலோரம் தனியாக இருந்தது.

"அந்தத் தூக்கு..." என்றார்.

"ஒரு நாள் பொறுக்கக் கூடாதா அண்ணாச்சி? முறுக்குக்கு மாவு அரைச்சு வச்சிருக்கேன், நானே கொண்டாந்திருப்பேன். கப்பலா கிளம்பப் போகுது?"

"இல்லம்மா, இப்பவே குடு."

தோளில் கிடந்த துண்டில் சுற்றி எடுத்து வந்தார். உலகம்மாள் கதவருகிலேயே கண்டுவிட்டாள். வாங்கி மூடியைத் திறந்தாள்.

"வெறுந்தூக்காவா குடுத்தா?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். வாக்கை மீறிட்டேன், உலகு."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது சொல்லுங்கள்: வாக்கை மீறியது யார்?

விடை: யாருமே இல்லை. அலமாரியில் பதினொன்று, தூக்கோடு சேர்த்தால் பன்னிரண்டுதான். கொடுத்துவிடுகிற பாத்திரம் வெறுமையாகப் போகும். பண்டம் போட்டு அனுப்பிய பாத்திரம் பண்டத்தோடு திரும்பி வரும். ரோஸ்லினுக்கு அது புரிந்தது. அப்படித் திரும்பி வந்த முறுக்கை நாற்பது வருடம் தின்ற பரமானந்தத்துக்குப் புரியவில்லை. கொடுக்கவே கொடுக்காத ஒன்றைத்தான் அவர் கேட்டு வாங்கி வந்தார். பிள்ளையைத் தன் துணை மறந்துவிட்டதாகவே இருவரும் இத்தனை காலம் நினைத்திருந்தார்கள். உலகம்மாள் அலமாரிக்குப் போய், மூலையிலிருந்த துண்டை எடுத்தாள்.