கிண்ணத்துப் பருப்புச் சோறு

ஆற்றங்கரை மடத்துச் சாமியிடம் பாடம் கேட்டவர்களில் மரகதவல்லி கெட்டிக்காரி. எதைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் நிற்கும். அப்பேர்ப்பட்டவளையும் ஒன்றரை வயதுப் பிள்ளை ஒருவன் அழவைத்துவிட்டான்.

அன்று உச்சிவேளையில், இடுப்பில் மகன் கதிர்வேலும் கையில் பருப்புச் சோற்றுக் கிண்ணமுமாக மடத்துக்கு வந்து நின்றாள். தலை வாரவில்லை. கண் சிவந்திருந்தது.

"சாப்பிட மாட்டேங்கிறான் சாமி. காக்காயைக் காட்டி, நாயைக் காட்டித் தெருவெல்லாம் சுத்தறேன். வாயைத் திறக்கிறதில்ல. நேத்து..." பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். "அடிச்சுட்டேன். கன்னம் சிவந்துபோச்சு."

சாமி பிள்ளையை வாங்கி மூலையில் இறக்கிவிட்டு, உருட்ட ஒரு சொம்பைக் கொடுத்தார்.

"எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியல. சாயங்காலம் நாத்தனார் வர்றாங்க. இவனை அவங்களோடயே அனுப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சரிதானே சாமி?"

சாமி கிண்ணத்தைக் கேட்டு வாங்கினார். மந்திரித்துக் கொடுக்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சோற்றை அள்ளித் தின்ன ஆரம்பித்தார்.

"ஐயோ சாமி, அது பிள்ளைக்கு!"

"அவனுக்கு வேண்டாமாமே. எனக்குப் பசிக்குது." வழித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நீ சாப்பிட்டியா?"

"இவன் சாப்பிட்டா அப்புறம் நான்..."

"நேத்து?"

"இவன் மிச்சம் வச்சது இருந்துச்சு."

சாமி எழுந்துபோய் இலை போட்டார். ஆவி பறக்கும் சோறு, முருங்கைக்காய் சாம்பார், மேலே ஒரு கரண்டி நெய்.

"பிள்ளை வயிறு காயறப்போ எனக்கு எப்படி சாமி இறங்கும்?"

"இறங்குதான்னு பார்ப்போம். உட்காரு."

முதல் கவளம் தொண்டையிலேயே நின்றது. அடுத்தது இறங்கியது. அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. சூடாகச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும் கண்ணீர் பொலபொலவென்று இலையில் விழுந்தது. அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள், பாவம்.

மூலையில் சொம்பை உருட்டிக்கொண்டிருந்த கதிர்வேல் திரும்பிப் பார்த்தான். தத்தித் தத்தி வந்து அவள் மடியில் ஏறினான். இலையில் கைவிட்டு அளைந்தான். கொஞ்சம் மூக்கில் போயிற்று, கொஞ்சம் காதில், மீதி வாயில்.

அவள் பரபரவென்று ஒரு கவளம் உருட்டினாள்.

"அது உனக்கு," என்றார் சாமி. "அவனுக்கு அவன் கை இருக்கு."

உருட்டியதை அவளே தின்றாள். பிள்ளை அவள் வாயைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தான். நேற்று அடி வாங்கிய கன்னம் முழுக்க சாம்பார். குனிந்து அதில் முத்தமிட்டாள். இவனை அனுப்பிவிட்டு எப்படி இருந்திருப்போம் என்று நினைத்து அவனை இறுக அணைத்துக்கொண்டாள்.

"அனுப்ப மாட்டேன் சாமி," என்றாள். "ஆனா நாத்தனார் இந்நேரம் கிளம்பியிருப்பாங்களே. வர வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

சாமி இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

"ஏன் வேண்டாங்கிற? வரட்டும். வந்து உனக்குச் சமைச்சுப் போடட்டும்."