கால்தடம் கேட்ட சட்டம்

அல்லிக்குளத்துக் காட்டில் அன்று மூன்று சட்டங்கள் நிறைவேறின. முதிய விலங்குகளுக்கு மருந்து இலவசம். ‘பேசும் பொந்து’ என்ற மரப்பொந்தில், பெரியவர் துணையில்லாமல் குட்டிகள் பேசக்கூடாது. எல்லாக் குட்டிகளுக்கும் எழுத்து சொல்லித்தரப்படும்.

மூன்றையும் ஓலையில் எழுதியது செவலை என்ற இளம் கீரி. அதன் வளையிலேயே முதன்முதலாக எழுத்துப் படித்தது அதுதான். யானைத் தலைவர் சட்டங்களை வாசித்தபோது, கூட்டத்தில் அதன் அம்மா பின்னங்கால்களில் எழுந்து நின்று பார்த்தாள்.

செவலைக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. மருந்துச் சட்டத்தை அது பக்கத்துக் காட்டின் ஓலையைப் பார்த்து எழுதியிருந்தது. அதில் ஒரு வரி: ‘மருந்து பெறுவோர் பௌர்ணமிதோறும் மருந்துக் குகைக்கு நேரில் வந்து கால்தடம் பதிக்க வேண்டும்.’ பக்கத்துக் காடு சமவெளி. இங்கேயோ குகை பாறை உச்சியில் இருந்தது. எழுதும்போதே செவலையின் கை ஒரு கணம் நின்றது. ‘தலைவரிடம் கேட்கலாமா? இதுகூடத் தெரியாமலா படித்தாய் என்பாரோ?’

கேட்கவில்லை. வரியை அப்படியே எழுதிவிட்டது.

முதல் பௌர்ணமி வந்தது. செவலை விடியும்போதே பாறை உச்சியில் ஈரமண்ணைப் பரப்பிவைத்துக் காத்திருந்தது. ஒரு கிழக் கலைமான் துள்ளி வந்து தடம் வைத்துப் போனது. அதற்கு நோயே இல்லை. வேறு யாரும் வரவில்லை.

நடுப்பகலில் செவலை இறங்கிப் பார்த்தது. பாதி ஏற்றத்தில் கிழ ஆமை ஒன்று மூச்சு வாங்கிக் கிடந்தது. முட்டி நான்கும் வீங்கியிருந்தன.

“என்ன தாத்தா, இங்கேயே உட்கார்ந்துட்டீங்க?”

“முந்தாநாள் புறப்பட்டேன் தம்பி. நடக்க முடியலைன்னுதான் மருந்து கேட்டேன். நடந்து வந்தாத்தான் மருந்துன்னு எழுதியிருக்காங்க” என்று ஆமை சிரித்தது. “எழுதினவருக்கு முட்டி நல்லா இருக்கும்போல.”

செவலையின் காதுகள் சுட்டன. ‘நான்தான் எழுதினேன்’ என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. பேச்சை மாற்ற நினைத்து, “நீங்க வளர்க்கிற அணில்குட்டி எங்கே?” என்று கேட்டது.

“மொச்சையா? எங்க வாசல்ல இருக்கிற பேசும் பொந்துகிட்ட விட்டுட்டு வந்தேன். பக்கத்துல பெரியவங்க இருந்தாத்தான் பேசணும்னு சட்டமாமே. நான் இங்கே இருந்தா, அங்கே யார் இருப்பா?”

செவலை பொந்தை நோக்கிப் பாய்ந்து ஓடியது.

பேசும் பொந்து ஒரு முது மருதமரத்தில் இருந்தது. அதன் வேர்வழியே குரல் காட்டின் மறுகோடிவரை போகும். பதில் குரலும் வரும். பேசுவது யார் என்று மட்டும் தெரியாது.

செவலை வந்தபோது பொந்தருகே மொச்சை இல்லை. ஒரு குருவிக்குஞ்சு மட்டும் இருந்தது.

“மொச்சை எங்கே?”

“அதோட சிநேகிதி பொந்து வழியாக் கூப்பிட்டுச்சு. கொய்யாப்பழம் இருக்காம். தாழம்புதருக்குத் தனியா வரணுமாம், பெரியவங்ககிட்ட சொல்லக்கூடாதாம்.”

தாழம்புதரில் சிநேகிதி இல்லை. நரி இருந்தது. மொச்சையின் வால் அதன் வாயில் இருந்தது. செவலை பாய்ந்து நரியின் மூக்கைக் கவ்வியது. நரி அலறி ஓடியது. மொச்சை பிழைத்தது. பாதி வால் போனது போனதுதான்.

மறுநாள் சபை கூடியது. “செவலை நம் குட்டியைக் காப்பாற்றினான்!” என்று யானைத் தலைவர் அல்லிமாலையை எடுத்தார். அம்மா மறுபடியும் எழுந்து நின்றாள்.

செவலை மாலையைப் பார்க்கவில்லை. மொச்சையின் வாலைப் பார்த்தது.

“ஐயா, மாலை வேண்டாம். வாலைக் கடித்தது நரிதான். ஆனால் ஆமைத் தாத்தாவைப் பொந்தைவிட்டு மலையேற வைத்தது நான் எழுதிய வரி. சமவெளிக்காரர்களின் ஓலையைப் பார்த்து எழுதினேன். எழுதும்போதே சந்தேகம் வந்தது.”

“வந்ததென்றால் ஏன் கேட்கவில்லை?”

“படித்தும் தெரியவில்லையா என்று சிரிப்பீர்களோ என்று பயந்தேன்.”

“பார்த்து எழுதத்தான் படிச்சியா?” என்றது முள்ளம்பன்றி. பலர் சிரித்தார்கள். அம்மா மெல்லக் கீழே அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். தான் பயந்த சிரிப்பைவிட அந்தக் குனிந்த தலைதான் செவலையை அதிகம் சுட்டது.

யானைத் தலைவர் துதிக்கையைத் தாழ்த்தினார். “வாசித்து நிறைவேற்றியவன் நான். மலை எனக்கும் தெரிந்த மலைதான்.” பிறகு ஓலையை நீட்டினார். “திருத்து.”

செவலை அந்த வரியை அடித்துவிட்டு, மலையிலிருந்து தூக்கிவரப்பட்டிருந்த கிழ ஆமையின் அருகே போய் நின்றது. “தாத்தா, எழுதினது நான்தான். நேத்தே சொல்லியிருக்கணும். மருந்து உங்களுக்கு எப்படி வந்தா நல்லது?”

“வாசலுக்கு வந்தா நல்லது” என்றது ஆமை. “நான் பொந்துகிட்டேயே இருப்பேன்.”

அப்படியே எழுதப்பட்டது. பௌர்ணமிதோறும் மருந்துமூட்டையைச் சுமந்து வாசல் வாசலாகப் போனது செவலை. பொந்தருகே மொச்சை ஓடிவந்து பாதி வாலை ஆட்டி வரவேற்கும். ஒவ்வொரு முறையும் செவலையின் கண்கள் தரையைப் பார்க்கும்.

தெரியாததைக் கேட்க வெட்கப்படுகிறவர், அதனால் பிறர் படும் துன்பத்தைக் கண்டு நெடுநாள் வெட்கப்பட நேரும்.