முழங்கால் கணக்கு

நாச்சிமுத்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தியானக் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். மில்லில் கணக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. தியானம் சொல்லிக்கொடுக்கும் பரிமளம் அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு. 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"அசதியா இருக்குதும்மா," என்றார் உட்கார்ந்ததும். "கண்ணை மூடுனா மனசு நிக்க மாட்டேங்குது. கோடுதான் தெரியுது. ஏறுது, எறங்குது."

எந்தக் கோடு என்று அவளுக்குத் தெரியும். ஓய்வுப் பணம் முழுவதையும் மியூச்சுவல் ஃபண்டிலும் பங்கிலும் போட்டுவிட்டு, அதைக் கவனிக்க ஒரு சாஃப்ட்வேரும் வாங்கி வைத்திருந்தார். எது ஏறியது, எது படுத்தது என்று அது கோடு போட்டுக் காட்டும். பாவம், பொழுதுக்கும் என்னையே பார் என்று அதுவா சொன்னது? காப்பிக்கு முன்னால் ஒரு தரம், குளித்துவிட்டு ஒரு தரம், சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு தரம் என்று மனிதர் அதோடேயே குடித்தனம் நடத்தினார்.

"துளசிமணி அக்கா வரலீங்களா?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டாள்.

"கார்ல இருக்கறா. படி ஏற முடியலைன்னுட்டா."

"முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கறேன்னீங்க?"

நாச்சிமுத்து மடியிலிருந்த லேப்டாப்பைத் தட்டினார்.

"வாங்கணும். பணம் பூராவும் இதுலதான் கெடக்குது. தையில எடுக்கலாம்னு பாத்தேன். நல்லா ஏறிட்டிருந்துச்சு. ஏறுறப்ப யாராச்சும் எடுப்பாங்களா? சித்திரையில எறங்கிப்போச்சு. நட்டத்துல எடுக்க மனசு வரலை. இப்ப மறுபடி மெல்ல வந்துட்டிருக்குது. எந்த நாள்ல எடுக்கறதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு முடியலைம்மா."

பரிமளத்துக்கும் அன்று அலுப்புதான். காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அதுல புதுசா ஒண்ணு சேக்க முடியுங்களா?"

"தாராளமா! வீடு, நகை, எது வேணாச் சேக்கலாம். பேரும் தேதியும் மதிப்பும் போட்டாப் போதும், கோட்டை அதுவே போட்டுக்கும்." அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"துளசிமணி முழங்கால்னு பேர் போடுங்க."

"என்னம்மா, வெளையாடறீங்களா?"

"போடுங்க."

போட்டார்.

"அக்கா சென்னிமலைக் கோயிலுக்குப் படியேறிப் போயிருக்காங்களா?"

"போகாம? எனக்கு முந்தி மேல போய் நின்னுட்டு, என்னங்க, ஆளையே காணோம்னு கேலி பண்ணுவா."

"அந்த வருசத்துக்கு மதிப்பு நூறுன்னு வைங்க. அப்புறம்?"

அப்புறம் மலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சந்தைக்கு மட்டும் நடந்து போய்ப் பை நிறையக் காய் தூக்கி வருவாள். எழுபது என்று அடித்தார். பிறகு சந்தையும் நின்று தெருமுனைப் பால் கடை வரைக்கும் என்றானது. விரல் தயங்கித் தயங்கி முப்பது போட்டது.

"இப்ப?"

நாச்சிமுத்து யோசித்தார். அவருடைய ஒவ்வொரு ஃபண்டின் நேற்றைய விலையும் பைசா சுத்தமாக நாக்கு நுனியில் இருந்தது. இது தெரியவில்லை.

"போய்க் கேட்டுட்டு வாங்க."

துளசிமணி கார்க் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கெளம்பலாங்களா?"

"இல்ல. நீ இப்பல்லாம் எவ்வளவு தூரம் நடக்கறே?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இதென்ன அதிசயமா, இத்தனை நாள் இல்லாம?"

"சும்மா சொல்லு."

"கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் போவேன். செவுத்தைப் புடிச்சுக்கிட்டு. நீங்க அந்தப் பொட்டிக்குள்ள தலையை விட்டிருக்கறப்பவே போய்ட்டு வந்துருவேன். எதுக்குங்க உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் குரலில் கோபமே இல்லை. சலித்துப் போன ஒருத்தி நேரம் என்னவென்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஒரே வீட்டில்தானே இருக்கிறோம் என்று நினைத்தபோது நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் படியேறி உள்ளே வந்தார்.

அஞ்சு என்று அடித்தார். சாஃப்ட்வேர் கோடு போட்டது.

நேராகக் கீழே வந்தது கோடு. மற்றதெல்லாம் விழும், எழும், மறுபடி விழும். அது அவருக்குப் பழக்கம். இது ஒரு இடத்தில்கூட எழவில்லை. எங்கேயாவது தப்பாக அடித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு எண்ணாக மறுபடி பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இது மட்டும் ஏம்மா ஏறவே இல்லை?" என்றார்.

"இதுல நீங்க இன்னும் ஒத்தை ரூவாகூடப் போடலீங்களே," என்றாள் பரிமளம்.