மல்லாட்டை வாயிலிருந்து விழுந்த இலந்தப்பழம்

ஒரு காட்டுல, பட்டப்பகல்லயும் கும்மிருட்டா இருக்குற ஒரு குகைக்குள்ள, அத்தனை மிருகங்களும் மூச்சு விடாம டிவி பார்த்துக்கிட்டு இருந்தப்போ, 'டொப்'புன்னு ஒரு சத்தம்.

ஒரு இலந்தப்பழம் கீழ விழுந்துச்சு. அவ்ளோதான், எல்லாம் போச்சு!

"விழுந்துடுச்சு! நடுவர் வாயிலேர்ந்து பழம் விழுந்துடுச்சு!"ன்னு நரி தாண்டவன் எகிறிக் குதிச்சான். "படத்தை நிறுத்துங்க! வலையை அறுங்க!"

அந்த நடுவர் யாரு தெரியுமா? மல்லாட்டைன்னு ஒரு அணில் பொண்ணு. அவ வாய் இன்னும் திறந்தபடியே இருந்துச்சு. கையால தாடையைப் பிடிச்சு மூடிக்கிட்டா. ஆனா பழம்தான் உருண்டு போயிடுச்சே!

இருங்க, பழத்துக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க.

அந்தக் காட்டு டிவி நம்ம வீட்டு டிவி மாதிரி இல்ல பசங்களா. ரெண்டு பாறைக்கு நடுவுல, சிலந்தி நூலரசி கட்டின ஒரு பெரிய்ய வலை. அதுல வரிசை வரிசையா ஆயிரம் மின்மினிப்பூச்சி. நூலரசி மேல உட்கார்ந்துக்கிட்டு எட்டுக் காலாலயும் நூலைச் சுண்டுவா. சுண்டின இடம் எரியும், விட்டா அணையும். மரம் தெரியும், மழை தெரியும், தலைதெறிக்க ஓடுற மான் தெரியும்! பேசுறதெல்லாம் தவளைங்க, பாட்டு சில்வண்டுங்க.

எந்தப் புதுப் படம் வந்தாலும் அதுக்கு ஒரு நடுவர் உண்டு. முன்னாடி நடுவரா இருந்த மைனா, படம் ஓடும்போதே "இப்ப பாரு, இவன்தான் திருடன்"னு தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்துச்சாம். வெறுத்துப்போய், காட்டுக்கே பெரியவங்களான ஆமையக்கா ஒரு சட்டம் போட்டாங்க. நடுவர் வாயில ஒரு முழு இலந்தப்பழத்தை வெச்சுக்கிட்டுதான் பார்க்கணும். முடிஞ்சதும் முழுங்கினா, படம் நல்லாருக்கு. நடுவுல பழம் கீழ விழுந்தா, படத்தைத் தாங்க முடியலன்னு அர்த்தம். அப்பவே வலையை அறுத்துடணும். அந்தக் கதையை மறுபடியும் யாரும் காட்டவே கூடாது.

அன்னைக்கு ஓடின கதை சாதாரணக் கதை இல்ல. 'நட்சத்திரம் சுமந்த நத்தை'! அந்தக் காட்டுல கண்ணு திறக்காத குட்டிக்குக்கூட தெரிஞ்ச கதை. வானத்துலேர்ந்து ஒரு நட்சத்திரம் குளத்துல விழுந்துடும். வீட்டுக்குப் போகணும்னு அழும். ஒரு சின்ன நத்தை அதைத் தன் ஓட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, உலகத்துலயே உசரமான மரத்துல ஏறி ஏறி, உச்சிக்குப் போய் அதை வானத்துக்கு வீசி எறியும்.

மல்லாட்டைக்கு அது வரிக்கு வரி மனப்பாடம். அதனாலதான் அவளை நடுவராக்கினாங்க. 'ஒரு வரி மாறினாலும் துப்பிடணும்'னு முடிவு பண்ணிக்கிட்டுதான் அவளும் குகைக்குள்ள வந்தா.

வந்தா, முதல் காட்சியிலயே நத்தையோட ஓடு உடைஞ்சிருந்துச்சு!

"பார்த்தியா தங்கச்சி, மாத்திட்டாங்க"ன்னு தாண்டவன் காதுல கிசுகிசுத்தான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான். "கதையில ஓடு பளபளன்னு இருக்கும். இது என்ன, ஓட்டை ஓடு? த்தூ!"

'ஆமால்ல'ன்னு மல்லாட்டையும் நினைச்சா. பழத்தை நாக்கு நுனிக்குத் தள்ளினா.

அப்போதான் திரை மொத்தமா இருட்டாச்சு. மேல ஒரு மூலையில ஒரே ஒரு மின்மினி. அது மெதுவா, ரொம்ப மெதுவா, கீழ இறங்குச்சு. குளத்தைத் தொட்டதும் வெளிச்சம் வளையம் வளையமா விரிஞ்சு திரை முழுக்கப் பரவி அடங்குச்சு. நத்தை அந்த நட்சத்திரத்தைத் தூக்கி ஓட்டுக்குள்ள வெச்சுச்சு. அடடா! அந்த உடைஞ்ச விரிசல் வழியா வெளிச்சம் கசிஞ்சு, நத்தை போற பாதையில ஒரு கோடு மாதிரி விழுந்துச்சு!

இருட்டுல நத்தை எப்படி வழி பார்த்துப் போச்சு? அத்தனை தடவை அந்தக் கதையைச் சொன்ன மல்லாட்டை, ஒரு நாளும் அதை யோசிச்சதே இல்ல. இத்தனை நாளா அவ மனசுல இருந்த நத்தை வெறும் பேருதான். இது இப்போ நிஜமா நடக்குது, மூச்சு வாங்குது, மரத்துல ஏறுது!

அவளுக்கே தெரியாம வாய் 'ஆ'ன்னு பிளந்துச்சு. பழம் 'டொப்'!

இப்போ புரியுதா என்ன தப்பு நடந்துச்சுன்னு?

"என்னம்மா மல்லாட்டை, அவ்ளோ மோசமாவா இருக்கு?"ன்னு ஆமையக்கா கேட்டாங்க. சட்டம்னா சட்டம்தான் அவங்களுக்கு.

அத்தனை கண்ணும் அவ மேல. 'இல்லக்கா, வாயைப் பிளந்துட்டேன்'னு எப்படிச் சொல்றது? நடுவராச்சே! நேத்துப் பொறந்த குட்டி மாதிரி வாயைப் பிளந்துட்டாளேன்னு சிரிக்க மாட்டாங்க?

"அந்த ஓடுதானே தங்கச்சி பிடிக்கல?"ன்னு தாண்டவன் எடுத்துக் குடுத்தான்.

"ஆ... ஆமா. ஓடு... ஓடு சரியில்ல. சுமார்தான்."

நூலரசி, படம் அணையாம நூலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வலையோட மூலைக்கு இறங்கி வந்தா. ஒரு மழைக்காலம் பூரா தனியா உட்கார்ந்து கட்டின வலை அது. "கடைசிக் காட்சியை மட்டும் காட்டிக்கட்டுமா? அதுக்குத்தான் இவ்ளோ பெருசா கட்டினேன்"னு கேட்டா.

"அதெல்லாம் கிடையாது!"ன்னான் தாண்டவன்.

நூலரசி முதல் நூலை வாயால கடிச்சா. 'டிங்'. நாலு மின்மினி சிதறிப் பறந்துச்சு. மரத்துல ஒரு கிளை காணாமப் போச்சு.

மல்லாட்டை திரையை நிமிர்ந்து பார்த்தா. நத்தை பாதி மரத்துல நிக்குது! இன்னும் நாலு நூலை அறுத்தா அதுவும் போயிடும். அப்புறம் அது உச்சிக்குப் போகவே போகாது. என்னைக்குமே!

"நிறுத்துங்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடிப்போய் வலை முன்னாடி நின்னா. "பொய் சொல்லிட்டேன்க்கா! நான் துப்பல. அவ்ளோ அழகா இருந்துச்சு, வாயைப் பிளந்துட்டேன். பழம் தானா விழுந்துடுச்சு!"

குகையே கொல்லுன்னு சிரிச்சுச்சு.

"வாயைப் பிளந்தாளாம்!"னு தாண்டவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "நடுவராம் நடுவர்! நானெல்லாம் பக்கத்துல இடி விழுந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன், தெரியுமா?"

மல்லாட்டை கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தா.

"அப்படியாண்ணே? அப்போ உங்களை மாதிரி நடுவர் யாரு இருக்கா! அக்கா, அண்ணனுக்கு ஒரு பழம் குடுங்க. கடைசிக் காட்சியை மட்டும் பார்க்கட்டும். முடியுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டாருன்னா, அவர் சொல்றதுதான் தீர்ப்பு. வாய் தானா திறந்துடுச்சுன்னா, நான் சொன்னது நிஜம்."

ஆமையக்கா யோசிச்சாங்க. ரொம்ப நேரம் யோசிச்சாங்க. ஒரு நத்தையே மரம் ஏறி இறங்கிடலாம், அவ்ளோ நேரம். அப்புறம், "ரெண்டாவது நடுவர் கூடாதுன்னு சட்டத்துல இல்ல. குடுங்க பழத்தை"ன்னாங்க.

தாண்டவனுக்கு ஒரே குஷி. வாயை மூடிக்கிட்டுப் பார்த்துட்டு, கடைசியில எல்லார் முன்னாடியும் கெத்தா துப்பிடலாம்னு கணக்குப் போட்டான். பழத்தை வாயில போட்டு, உதட்டை இறுக்கிக்கிட்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

நூலரசி மேல ஏறினா. நூலைச் சுண்டினா.

நத்தை ஏறுச்சு. வழுக்குச்சு. மறுபடி ஏறுச்சு. உச்சிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தா, வானம் இன்னும் எங்கேயோ இருக்கு! கதையில இந்த இடத்துல நட்சத்திரத்தை வீசி எறியும். இங்க எறியல. நத்தை மெதுவா ஓட்டை விட்டு வெளிய வந்துச்சு. அந்த உடைஞ்ச ஓட்டைக் கவிழ்த்துச்சு.

திரை இருட்டாச்சு.

நூலரசி எட்டுக் காலையும் ஒரே நேரத்துல விட்டா. ஒரு மின்மினி வலையை விட்டுக் கிளம்புச்சு. அப்புறம் பத்து. அப்புறம் நூறு. அப்புறம் மொத்தமும்! பார்க்குறவங்க தலைக்கு மேல பறந்து போய்க் குகையோட கூரை முழுக்க ஒட்டிக்கிச்சு. பாறையைக் காணோம், குகையைக் காணோம், டிவியையே காணோம். மேல வானம். நிஜ வானத்தைவிடக் கிட்டக்க இருக்குற ஒரு வானம்!

"அம்மா, நாம நட்சத்திரத்துக்கு நடுவுல உட்கார்ந்திருக்கோம்"னு ஒரு மான்குட்டி சொல்லுச்சு. அதுவும் ரகசியம் மாதிரிதான் சொல்லுச்சு.

'டொப்.'

தாண்டவன் காலடியில இலந்தப்பழம் கிடந்துச்சு. அவனுக்குத் தெரியவே இல்ல. நாக்கு தொங்க, ரெண்டு கண்ணுலயும் ஆயிரம் நட்சத்திரம் மின்ன, அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தான். சரி, ஆமையக்கா பார்த்தாங்களான்னு மல்லாட்டை திரும்பினா, அவங்களும் கழுத்தை எவ்ளோ நீட்ட முடியுமோ அவ்ளோ நீட்டி வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தாங்க!

ரொம்ப நேரம் கழிச்சு தாண்டவன் குனிஞ்சு பழத்தைப் பார்த்தான். மல்லாட்டையைப் பார்த்தான்.

"எங்க வீட்டுல சொன்ன கதையில இப்படி இல்ல"ன்னு முனகினான். அப்புறம் யாருக்கும் கேட்காத மாதிரி, "நூலரசிகிட்ட இன்னொரு தடவை காட்டச் சொல்லேன் தங்கச்சி"ன்னான்.

அன்னையிலேர்ந்து அந்தக் காட்டுல நடுவர் வாயில பழம் வைக்கிறதில்ல. படம் முடிஞ்சதும் ஆமையக்கா மெதுவா ஒரு சுத்து நடந்து போய், எத்தனை வாய் இன்னும் மூடலன்னு பார்த்துட்டு வருவாங்க. அதுதான் தீர்ப்பு.

நீங்களும் இப்படி ஆசை ஆசையா ஒண்ணைப் பார்த்துட்டு, பக்கத்துல இருக்குறவன் சிரிப்பானேன்னு 'சுமார்தான்'னு சொல்லியிருக்கீங்களா? நிஜமா சொல்லுங்க, உங்களுக்கும் ஆகியிருக்குதானே?

நீதி: வாயைப் பிளந்து ரசிச்சதை, உதட்டைப் பிதுக்கிப் பழிக்காதே.