சிங்கமுகிக் கப்பலின் தலைக்கனம்

முன்னொரு காலத்தில், கப்பல்கள் காற்று சொன்ன பக்கமும் அமைச்சர்கள் அரசர் சொன்ன பக்கமும் திரும்பிக்கொண்டிருந்த நாளில், கடற்கரையைத் தலைநகராகக் கொண்ட ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசர் நல்லவர். அவருக்குக் கோபமும் விரைவில் வரும், சிரிப்பும் விரைவில் வரும். எது முந்தி வரும் என்பதை மட்டும் எவராலும் கணிக்க இயலாது. அதனால் அவருடைய அவையில் 'சித்தம்' என்ற சொல் மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்தது. அரசர் எதைச் சொன்னாலும் கைகட்டி, வாய்பொத்தி, 'சித்தம் மகாராஜா' என்று சொல்லிவிட்டால் அன்றைய பொழுது நலமாகக் கழிந்துவிடும். 'ஆகாது' என்ற சொல்லை அங்கே உச்சரித்தவர் எவரும் இலர்.

அவ்வவையின் விதூடகர் மருதவாணர். அரசரைச் சிரிக்கவைப்பது அவருடைய தொழில். கோபம் முந்திக்கொள்வதற்குள் சிரிப்பை அனுப்பிவைக்கும் அவருடைய திறமையால் பலர் பிழைத்திருக்கிறார்கள். பிழைத்தவர்கள் அவரை வாழ்த்தினார்கள். பிழைக்கக் கூடாது என்று நினைத்தவர்கள் அவர்மீது பொறாமை கொண்டார்கள். அமைச்சர் ஞானசிகாமணியும் கடற்படைத் தலைவர் சேதுவராயரும் இந்த இரண்டாம் வகையினரில் முதன்மையானவர்கள்.

ஒருநாள், அக்கரை நாட்டு மன்னர் ஒரு வரிசைப் பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார் என்று ஒற்றர்கள் வந்து சொன்னார்கள். அரசருக்கு அன்று உணவு இறங்கவில்லை. தலைமை ஓடாவி உத்தண்டனை அழைத்துவரச் சொன்னார். ஓடாவி என்றால் கப்பல் கட்டும் தச்சர். உத்தண்டன் அப்போதுதான் ஒரு புதிய கப்பலுக்கு அடிமரமான ஏரா மரம் வைத்து, விலா மரங்களைப் பூட்டி முடித்திருந்தார்.

"அதில் இரண்டு வரிசைப் பீரங்கிகள் இருக்க வேண்டும்" என்றார் அரசர்.

ஒரு வரிசைக்கென்று அளவெடுத்த கப்பல் அது. உத்தண்டன் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கண்ணைச் சிமிட்டினார். உத்தண்டன், "சித்தம் மகாராஜா" என்றார்.

இரண்டாம் வரிசை ஏறியது. அதன்பின் அரசருக்கு மற்றுமோர் ஆசை வந்தது. கப்பலைக் காண்பதற்கு முன்பே பகைவர்கள் தம் முகத்தைக் காண வேண்டும் என்று விரும்பினார். ஆகவே கப்பலின் பின்புறத்து உச்சி மாடத்தின்மேல் அரசரின் தலை, முடியுடனும் மீசையுடனும், யானைக்கன்று அளவில் வெண்கலத்தில் வார்த்து வைக்கப்பட்டது. அதைக் காண அவையே துறைமுகத்துக்குச் சென்றது.

"மூக்கு ஒன்றே போதும் மகாராஜா" என்று நெகிழ்ந்தார் அமைச்சர். "பிறவிக் குருடன் தடவிப் பார்த்தாலும், மகாராஜா என்று அந்த இடத்திலேயே விழுந்து வணங்குவான்."

அந்த மீசை முறுக்கு ஈரேழு உலகிலும் வேறொருவருக்கு அமையாது என்றார் கடற்படைத் தலைவர். மருதவாணர் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தலை மேலே போய்விட்டது மகாராஜா. உடம்பு எங்கே?" என்று கேட்டார். அரசர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மருதவாணரும் அதைச் சிரிப்போடு விட்டுவிட்டார்.

'சிங்கமுகி' என்று பெயர் சூட்டப்பட்ட அக்கப்பல் கடலுக்குப் புறப்படும் நாள் வந்தது. புதுக்கப்பல் புறப்படுமுன் மாலுமிகள் மேல்தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் கூட்டமாக ஓடிக் காட்டுவது அந்நாட்டு வழக்கம். கப்பல் ஆடிவிட்டு நிமிர்ந்துகொண்டால் நல்லது. அன்றும் மாலுமிகள் ஓடினார்கள். சிங்கமுகி ஆடியது. நிமிர்வதற்கு மிகவும் யோசித்தது. அவர்கள் மறுபடியும் ஓடத் தொடங்கியபோது சேதுவராயர், முகூர்த்தம் தவறுகிறது, ஓட்டம் போதும் என்று கையமர்த்திவிட்டார்.

பாய் விரித்தார்கள். மேளம் முழங்கியது. கரையில் நின்ற அரசர் கை உயர்த்தினார். துறைமுக வாயிலைத் தாண்டுமுன் ஓர் இளங்காற்று வந்தது. பெருங்காற்றுகூட இல்லை, துண்டை உலர்த்தப் போட்டால் மெல்ல அசையுமே, அவ்வளவுதான். சிங்கமுகி ஒருபுறமாகச் சாய்ந்தது. கீழ் வரிசைப் பீரங்கி வாசல்கள் வழியே கடல் உள்ளே வந்தது. அரசர் உயர்த்திய கையைக் கீழே இறக்குவதற்குள் கப்பல் கீழே இறங்கிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கட்டுமரங்கள் சுற்றிலும் நின்றதால் கப்பலில் இருந்த அனைவரும் உயிர் தப்பினர். கடலுக்கு வெளியே பாய்மரத்தின் நுனியும் அதில் பறந்த கொடியும் மட்டும் எஞ்சின.

கரையில் மீன்கூடையோடு நின்ற பெண்ணொருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "ராசா கப்பல் கடலுக்குப் போகுதுன்னு தமுக்கு அடிச்சாங்களே, பொய்யில்லடி. கடலுக்குள்ளதான் போயிருக்கு" என்றாள். நல்லவேளையாக அது அரசரின் காதில் விழவில்லை.

அன்று அரசருக்குக் கோபம்தான் முந்தி வந்தது. கப்பலை மூழ்கடித்தவர் யார் என்று கேட்டார். சேதுவராயர், தாம் உத்தரவுப்படி பாய் விரித்ததாகத் தெரிவித்துக்கொண்டார். அமைச்சர் ஞானசிகாமணி ஓரடி முன்னால் வந்து, "எல்லாம் அந்த ஓடாவியின் தலைக்கனம் மகாராஜா. தமக்கு மிஞ்சிய தச்சர் இல்லை என்ற இறுமாப்பு" என்றார்.

அரசர் எழுந்து நின்றார். "எவர் தலைக்கனத்தால் என் கப்பல் கவிழ்ந்ததோ, அந்தத் தலை உடலிலிருந்து வேறாகிக் கடலில் விழ வேண்டும். இது என் ஆணை."

காவலர்கள் உத்தண்டனின் தோளைப் பிடித்தார்கள். அவர் எதுவும் பேசவில்லை. பேசிப் பழக்கமில்லை. மருதவாணர் ஒரு சிரிப்போடு விட்டுவிட்ட கேள்வி அப்போது அவரைத் திரும்பிப் பார்த்தது.

"மகாராஜா, அடியேனுக்கு ஓர் ஐயம்" என்றார். "அந்தத் தலைக்கனம் எவருடையதாயினும் ஆணை அதுதானா?"

"எவருடையதாயினும் அதுதான்."

"அப்படியானால் அது ஓடாவியுடையதுதானா என்று சற்று விசாரிக்கலாமே."

அமைச்சருக்கு உள்ளூர மகிழ்ச்சி பொங்கியது. குற்றம் யாருடையது என்று அவையில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொன்னால் சொன்னவர் தலை நிலைக்காது. சொல்லாவிட்டால் ஓடாவி தலை நிலைக்காது. விதூடகர் தாமாகவே பொறிக்குள் கால் வைத்திருக்கிறார். அமைச்சர் மிகுந்த பணிவோடு, மருதவாணரே குற்றவாளியைக் கண்டுபிடிக்கட்டும் என்றும், வெள்ளிக்கிழமை அவை கூடும்போது அந்தத் தலையைக் கொண்டுவராவிட்டால் ஓடாவியின் தலைக்குத் துணையாக விதூடகரின் தலையும் போகட்டும் என்றும் விண்ணப்பித்தார். அரசர் அப்படியே ஆகட்டும் என்றார்.

மருதவாணர் முதலில் சிறைக்குச் சென்றார். உத்தண்டன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கப்பல் ஏன் கவிழ்ந்தது ஓடாவியாரே?"

"மேல கனம், கீழ கனமில்ல. வேற என்ன சாமி" என்றார் உத்தண்டன். "அடியில கல்லு நிறையப் போட்டாத்தான் கப்பல் நிமிந்து நிக்கும். இன்னும் கல்லுப் போட்டா, கீழ்வரிசைப் பீரங்கி வாய் தண்ணிக்குள்ள போயிரும். போட்டா பீரங்கி நிக்காது, போடலன்னா கப்பல் நிக்காது."

"இதை நீர் சொல்லவில்லையா?"

"மந்திரி ஐயாகிட்டச் சொன்னேன். 'சித்தம்னு சொல்லிட்டு வேலையைப் பாரு'ன்னாங்க. சொன்னேன், பார்த்தேன்." சற்று நிறுத்தி, "எனக்கும் பயந்தான் சாமி. என்மேலயும் தப்பு இருக்கு. ஆனா தலையை வாங்குற அளவுக்கா?" என்று கேட்டார்.

சிறையிலிருந்து மருதவாணர் துறைமுகத்துக்கு நடந்தார். அங்கே முத்துக்குளிக்கும் பரதவர்கள், மூழ்கிய பீரங்கிகளில் எதையேனும் எடுக்க இயலுமா என்று பார்ப்பதற்காக வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அப்போதுதான் கரையேறிய ஒருவரிடம், கீழே என்ன தெரிகிறது என்று விசாரித்தார்.

"கப்பல் ஒருக்களிச்சுக் கிடக்கு. பீரங்கி எல்லாம் சேத்துக்குள்ள போயிருச்சு சாமி" என்றார் அவர், தலையைத் துவட்டிக்கொண்டே. "தலை மட்டும் தனியாக் கழண்டு வந்து மணல்ல கிடக்கு."

மருதவாணர் அவரை மறுபடியும் சொல்லச் சொன்னார்.

"தலை மட்டும் தனியாக் கிடக்குங்கிறேன்."

மருதவாணர் தம் இடுப்புத் துண்டை அவிழ்த்து அந்த ஈரத் தோளில் போர்த்தினார். பிறகு அரண்மனை யானைப்பாகரைத் தேடிக்கொண்டு ஓடினார்.

வெள்ளிக்கிழமை அவை நிறைந்திருந்தது. உத்தண்டனைக் காவலர் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மருதவாணரைக் காணவில்லை. ஊரைவிட்டே போயிருப்பார் என்று சேதுவராயர் அமைச்சரின் காதில் கூறி மகிழ்ந்தார். அப்போது வெளியே யானை பிளிறியது. மரச்சட்டத்தில் கட்டிய ஏதோ ஒன்றை இரண்டு யானைகள் இழுத்து வந்தன. அதன்மேல் ஈரமான பாய்த்துணி போர்த்தியிருந்தது. வாயிற்படியில் ஏறியபோது படிக்கல் விரிசல் விட்டது. நடு அவையில் அது வந்து நின்றபோது ஒரு சிறு நண்டு துணியடியிலிருந்து வெளிப்பட்டு, அமைச்சரின் ஆசனத்தை நோக்கி நடந்தது.

மருதவாணர் வணங்கினார். "மகாராஜா, குற்றவாளியின் தலையைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் தங்கள் ஆணையை நிறைவேற்ற எனக்கு வேலையே வைக்கவில்லை. தண்டனை முன்பே நிறைவேறிவிட்டது."

"எப்படி?"

"தலை உடலிலிருந்து வேறாக இருக்க வேண்டும் என்றீர்கள். இருந்தது. கடலில் விழ வேண்டும் என்றீர்கள். விழுந்து கிடந்தது. தாங்கள் ஆணையிடுமுன்பே கடலரசன் தீர்ப்பை நிறைவேற்றிவிட்டான்." துணியை விலக்கினார். "இந்தத் தலையின் கனம்தான் மகாராஜா, கப்பலைக் கவிழ்த்தது. கனத்துக்கு வேண்டுமானால் தங்கள் யானைகள் சாட்சி சொல்லும்."

மீசையில் பாசி தொங்க, மூக்கின்மேல் மணல் ஒட்டியிருக்க, வெண்கலத் தலை அரசரைப் பார்த்தது. அரசரும் அதைப் பார்த்தார்.

"இது யாருடைய தலை?" என்று கேட்டார் அரசர். குரல் தாழ்ந்திருந்தது. மருதவாணருக்கு அந்தக் குரலின் பின்னால் வரப்போவது எது என்று தெரியவில்லை.

"அடியேனுக்கு முகம் பார்த்துச் சொல்லும் திறமை போதாது மகாராஜா. அமைச்சர் பெருமான் குருடனாலும் சொல்ல முடியும் என்று முன்பு அருளியிருக்கிறார். கண்ணுள்ள அவரே சொல்லலாம்."

அமைச்சர் எழுந்தார். வியர்வையைத் துடைத்தார். வெண்கலத் தலையை இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் நோக்கினார். "இது... யாரோ ஒரு வழிப்போக்கர் சாயலாகத் தெரிகிறது மகாராஜா. மூக்கு சற்றும் பொருந்தவில்லை."

"யாருடைய மூக்கோடு பொருந்தவில்லை?" என்றார் அரசர்.

அமைச்சர் உட்கார்ந்துவிட்டார். அரசர் கடற்படைத் தலைவரைப் பார்த்தார். சேதுவராயர், மீசை ஏதோ மீன் வியாபாரியின் மீசை போலத் தோன்றுவதாக மிகவும் பணிவோடு கருத்துரைத்தார்.

அரசர் அரியணையிலிருந்து இறங்கினார். வெண்கலத் தலையின் அருகே வந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையால் அதன் மூக்கைத் தடவினார். மறு கையால் தம் மூக்கைத் தடவினார். உத்தண்டன் தலைகுனிந்துகொண்டார்.

பிறகு அரசரின் தோள் குலுங்கியது. கோபத்தில்தான் குலுங்குகிறது என்று சிலர் கதவைப் பார்த்தார்கள். அரசர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"குருடனுக்குக்கூடத் தெரிகிறது மருதவாணா. என் அவைக்கு மட்டும் தெரியவில்லை" என்றார். "உத்தண்டா, இது கனம் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"சித்தம்னு சொல்லத்தான் எங்களைப் பழக்கியிருக்கு மகாராஜா" என்றார் உத்தண்டன்.

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. "உண்மைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓடாவியின் விலங்கைக் கழற்றச் செய்தார். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டபடியால் வழக்கு முடிந்தது என்றும் அறிவித்தார். இந்தத் தலையை என்ன செய்வது என்று யோசித்தபோது மருதவாணர் உத்தண்டனைப் பார்த்தார். இம்முறை உத்தண்டன் அமைச்சரைப் பார்க்கவில்லை.

"அடுத்த கப்பலுக்கு அடியில வச்சுக் கட்டிரலாம் மகாராஜா. மேல இருந்தா கவுத்துரும். கீழ இருந்தா அதுதான் நிமித்தி வைக்கும்."

புதிய கப்பல் ஒரு வரிசைப் பீரங்கிகளோடு எழுந்தது. அதன் அடிவயிற்றில், கற்களுக்கு நடுவே, வெண்கலத் தலை வைக்கப்பட்டது. புறப்படும் நாளில் மேல்தளத்தில் ஓடிக் காட்டும் பொறுப்பு, அரசரின் தனி ஆணைப்படி, அமைச்சருக்கும் கடற்படைத் தலைவருக்கும் வழங்கப்பட்டது. முகூர்த்தம் தவறினாலும் பரவாயில்லை, நிதானமாக ஓடலாம் என்று அரசர் சொல்லியனுப்பினார். அவர்கள் மாலுமிகளுக்கு முன்னே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இப்பக்கமும் அப்பக்கமும் ஓடி இளைத்தார்கள். கப்பல் ஒவ்வொரு முறையும் ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது.

அன்று அரசர் மிகவும் மகிழ்ந்து, மணிகள் பதித்த தம் தலைப்பாகையைக் கழற்றி மருதவாணரிடம் பரிசாக நீட்டினார். மருதவாணர் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக் கட்டினார்.

"தலைப்பாகையை இடுப்பில் கட்டுகிறாயே, என்ன இது?" என்றார் அரசர்.

"இதன் கனத்தைத் தலையில் வைத்தால் அடியேன் கவிழ்ந்துவிடுவேன் மகாராஜா. இடுப்பில் இருந்தால் நிமிர்ந்து நிற்பேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காற்று வந்தது. பாய்கள் உப்பின. கப்பல் துறைமுக வாயிலைத் தாண்டிக் கடலுக்கு மேலாகவே போயிற்று. கரையில் ஓர் அரசர் சிரித்துக்கொண்டிருக்க, கப்பலடியில் இன்னோர் அரசர் வாய் திறவாமல் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போனார்.